குழந்தைகளுக்கு உரிமையைச் சொல்லித் தருவது எப்படி: படம், பொம்மை, நாடகம் வழியாக ஓர் ஆரம்பம்

குழந்தை உரிமை என்றதும் பெரும்பாலான இடங்களில் நடப்பது ஓவியப் போட்டிதான். தலைப்பு கொடுப்பார்கள், நேரம் கொடுப்பார்கள், பிள்ளைகள் ஒரு பெரிய உலக உருண்டையையும் அதைச் சுற்றிக் கைகோத்து நிற்கும் குழந்தைகளையும் வரைவார்கள் (போன வருடம் பரிசு வாங்கிய படம் அப்படித்தான் இருந்தது என்று யாராவது சொல்லியிருப்பார்கள்), மூன்று பேருக்குப் பரிசு, மற்றவர்களுக்குக் கைதட்டல். முடிந்த பிறகு கலந்துகொண்ட ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு "உரிமைன்னா என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "நல்லா படிக்கணும், பெரியவங்க சொல்றதைக் கேட்கணும்" என்று பதில் வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இதில் பிள்ளைகள் மேல் குறை சொல்ல முடியாது. எதை வரைய வேண்டும், எவ்வளவு நேரத்தில், யார் பார்ப்பார்கள், எது நல்ல படம் என்று எல்லாவற்றையும் நாமே முடிவு செய்துவிட்டோம். கருத்துச் சொல்லும் உரிமையைப் பற்றிய நிகழ்ச்சியில் அவர்கள் கருத்துச் சொல்ல எங்குமே இடம் வைக்கவில்லை. நாம் பேசுவதை விட நாம் நடத்தும் விதத்தைப் பிள்ளைகள் சீக்கிரம் படித்துக்கொள்வார்கள், அதனால் என்ன படம், என்ன பொம்மை என்று யோசிப்பதற்கு முன்பே அந்த ஒரு மணி நேரம் எப்படி நடக்கப் போகிறது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரை முழுக்க இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறேன்.

பெற்றோர், ஆசிரியர், நூலகத்திலோ விடுமுறை முகாமிலோ பிள்ளைகளோடு வேலை செய்பவர், யாராக இருந்தாலும் சரி, இந்த விஷயத்துக்குப் புதியவர் என்றால் இது உங்களுக்குத்தான். நன்றாக வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சட்டமும் பெரிதாகத் தெரிய வேண்டாம், கொஞ்சம் அடிப்படை போதும்.

அந்தக் கொஞ்சம் அடிப்படை

முதல் உலகப் போர் முடிந்தபோது எக்லன்டைன் ஜெப் என்ற ஆங்கிலேயப் பெண், தோற்ற நாடுகளில் பட்டினி கிடந்த குழந்தைகளுக்கும் உதவ வேண்டும் என்று கிளம்பினார். எதிரி நாட்டுப் பிள்ளைகளுக்கு உதவி கேட்பதை அன்றைக்கு எல்லோரும் ரசிக்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை. 1919-ல் சேவ் தி சில்ட்ரன் அமைப்பு அப்படித்தான் பிறந்தது. குழந்தைகளுக்கு மனிதகுலம் என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கிறது என்று ஐந்தே வாசகங்களில் அவர் எழுதியதை 1924-ல் உலக நாடுகளின் சங்கம் (ஐ.நா.வுக்கு முன்பிருந்த அமைப்பு) ஏற்றுக்கொண்டது. 1959-ல் ஐ.நா. சபை அதைப் பத்துக் கொள்கைகளாக விரித்து ஒரு பிரகடனம் வெளியிட்டது. பிரகடனம் நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வந்தது 1989 நவம்பர் 20 அன்று, அதுதான் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை. அடுத்த ஆண்டு செப்டம்பர் 2-ல் நடைமுறைக்கு வந்தது. ஐ.நா. உறுப்பு நாடுகளில் அமெரிக்கா மட்டும்தான் இன்னும் வெளியே நிற்கிறது. 1995-ல் கையெழுத்துப் போட்டதோடு சரி, உறுதிப்படுத்தவில்லை.

மொத்தம் 54 பிரிவுகள். 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோரும் குழந்தைகள் என்று முதல் பிரிவு சொல்கிறது. பெயர், கல்வி, உடல்நலம், அந்தரங்கம், வன்முறையிலிருந்து பாதுகாப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரிவு இருக்கிறது, 43 முதல் 54 வரை உள்ளவை நடைமுறைப்படுத்தும் ஏற்பாடுகள். எல்லாவற்றுக்கும் அடியில் நான்கு கொள்கைகள் ஓடுகின்றன என்று சொல்வார்கள்: பாகுபாடு கூடாது, எந்த முடிவிலும் குழந்தையின் நலனை முதன்மையாகப் பார்க்க வேண்டும், உயிர்வாழ்ந்து வளரும் வாய்ப்பு வேண்டும், குழந்தையைப் பாதிக்கும் விஷயத்தில் அதன் கருத்தைக் கேட்டு உரிய மதிப்புக் கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் பிள்ளைகளிடம் ஒப்பிக்காதீர்கள், இது உங்களுக்காக. 54 பிரிவையும் சார்ட்டில் எழுதி மாட்டினால் அது இன்னொரு வாய்ப்பாடாகிவிடும்.

ஆனால் மூன்று பிரிவுகளை மட்டும் நீங்கள் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. 42-வது பிரிவு, இந்த உரிமைகளைப் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பரவலாகத் தெரியப்படுத்தும் பொறுப்பு அரசுகளுக்கு உண்டு என்கிறது. 13-வது பிரிவு கருத்து வெளிப்பாட்டைப் பற்றியது, அதில் பேச்சு, எழுத்து, அச்சு என்பதோடு கலை வடிவமும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகிறது, எந்த ஊடகம் என்பதைக் குழந்தையே தேர்ந்தெடுக்கலாம் என்றும் இருக்கிறது. 31-வது பிரிவு ஓய்வு, விளையாட்டு, கலை ஆகியவற்றில் கலந்துகொள்ளும் உரிமை. ஆக, உரிமையைச் சொல்லித் தருவதற்கு நாம் கலையை ஒரு கருவியாகத்தான் எடுக்கிறோம், ஆனால் அந்தக் கருவியே பிள்ளைகளின் உரிமைகளில் ஒன்று. வரையும் நேரத்தைத் தண்டனையாகப் பிடுங்குவதோ, "முதல்ல கணக்கை முடி, அப்புறம் கலர் எடு" என்பதோ எங்கே போய் இடிக்கிறது என்று இப்போது புரியும்.

அட்டைகளில் ஆரம்பிக்கலாம்

ஏழு எட்டு வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு இது நன்றாக வரும். மூன்று நான்கு பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் இருபது வெற்று அட்டைகள் கொடுங்கள். யாருமே இல்லாத ஒரு புதுத் தீவில் குடியேறப் போகிறோம், பிள்ளைகள் நன்றாக வாழ என்னென்ன வேண்டும், அட்டைக்கு ஒன்றாக வரையுங்கள். தண்ணீர், வீடு, அம்மா, சைக்கிள், டாக்டர், போன், நாய்க்குட்டி, சண்டை போடாத அப்பா என்று எது வந்தாலும் சரி. நீங்களே அச்சடித்த படங்களைக் கொடுக்காதீர்கள், அப்படிக் கொடுத்தால் அவர்கள் உங்கள் பட்டியலைத்தான் அடுக்குவார்கள்.

வரைந்து முடித்ததும் படகில் இடம் போதவில்லை, ஐந்து அட்டைகளைக் கீழே போட வேண்டும். இது சுலபமாக நடக்கும். நடுக்கடலில் புயல், இன்னும் ஐந்து. இங்கேதான் வாக்குவாதம் சூடு பிடிக்கும். "விளையாட்டுச் சாமான் வேண்டாம்" என்று ஒருவர் சொல்ல, "அப்போ அந்தத் தீவுல நாள் முழுக்க என்ன பண்றது?" என்று இன்னொருவர் கேட்பார். நாய்க்குட்டியை விடவே மாட்டேன் என்று ஒரு பிள்ளை அடம் பிடித்தால் திருத்தாதீர்கள், ஏன் என்று கேளுங்கள். ராத்திரி தனியாக இருக்கப் பயம், நாய் இருந்தால் பயமில்லை என்று பதில் வரலாம். அப்போது அது ஆசை என்ற பட்டியலில் இருந்து பாதுகாப்பு என்ற பட்டியலுக்கு மாறிவிடுகிறது, அதை அந்தக் குழுவே கண்டுபிடிக்கும்.

இந்த விளையாட்டைப் பல இடங்களில் இத்தோடு முடித்துவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆசை வேறு, தேவை வேறு என்பது புரிந்திருக்கும், சரி. ஆனால் கூடவே இன்னொன்றும் மனதில் தங்கிவிடும்: நெருக்கடி வந்தால் சில உரிமைகளை விட்டுக்கொடுத்தாக வேண்டும், படிப்பு முக்கியம், விளையாட்டு அப்படியொன்றும் முக்கியமில்லை என்று. உரிமைகள் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை, ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்குகிற கணக்கு அதில் கிடையாது. அதனால் கடைசியில் கீழே போட்ட அட்டைகளையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இதைக் கீழே போடச் சொன்னப்ப எப்படி இருந்தது? யார் சொன்னதால போட்டீங்க? முடியாதுன்னு சொல்லணும்னு யாருக்காவது தோணுச்சா?" என்று கேளுங்கள். யாராவது "எனக்குத் தோணுச்சு, ஆனா நீங்க கோபப்படுவீங்கன்னு சொல்லல" என்றால் அன்றைய வகுப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. அடுத்து நீங்கள் என்ன திட்டம் வைத்திருந்தாலும் விட்டுவிட்டு அதைப் பேசுங்கள்.

ஆளுயரப் படம்

பெரிய தாளைத் தரையில் விரித்து, ஒரு பிள்ளையைப் படுக்க வைத்துச் சுற்றிக் கோடு போடுவது பழைய விளையாட்டு. (படுக்க விருப்பமா என்று கேட்டுவிட்டு. தன்னைச் சுற்றி இன்னொருவர் பென்சிலோடு வருவது சிலருக்குப் பிடிக்காது, அவர்களை விட்டுவிடுங்கள், கையால் வரைந்துகொள்ளலாம்.) அந்த உருவத்துக்கு எல்லோரும் சேர்ந்து பெயர் வைக்க வேண்டும், வயது சொல்ல வேண்டும், அவளுக்கு என்ன பிடிக்கும், எதற்குப் பயம், வீட்டில் யார் யார் என்று முடிவு செய்ய வேண்டும். கோட்டுக்கு உள்ளே அவள் நன்றாக வளர என்ன வேண்டும் என்று வரைவது. கோட்டுக்கு வெளியே, அதைக் கொடுக்க வேண்டியவர் யார் என்று வரைவது.

கற்பனைப் பிள்ளை என்பது முக்கியம். "உன் வீட்டில் என்ன குறை?" என்று கேட்டால் பிள்ளைகள் மௌனமாகிவிடுவார்கள், அல்லது சொல்ல விரும்பாததைச் சொல்லிவிட்டு ராத்திரி முழுக்கக் கவலைப்படுவார்கள். இல்லாத ஒரு பிள்ளையைப் பற்றி என்றால் சுதந்திரமாகப் பேசலாம்.

வெளியே வரையும் பகுதியில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அம்மா, அப்பா, டீச்சர் மட்டும்தான் வருவார்கள். அம்மாவுக்கே வேலை இல்லை என்றால், பள்ளிக்கூடமே தூரத்தில் இருந்தால் யார் பொறுப்பு என்று கேட்டால் மெதுவாக ஆஸ்பத்திரி, நகராட்சி, அரசாங்கம் எல்லாம் தாளில் ஏறும். பிள்ளைகளை வளர்க்கும் முதல் பொறுப்பு பெற்றோருக்கு, அவர்களுக்குத் துணை நிற்க வேண்டிய பொறுப்பு அரசுக்கு என்றுதான் உடன்படிக்கையும் சொல்கிறது. பெற்றோருக்கு எதிராகப் பிள்ளைகளைத் தூண்டிவிடும் வேலை இது என்று சிலர் பயப்படுவதுண்டு. இந்தத் தாளைப் பார்த்தால் அந்தப் பயம் குறையும், ஏனென்றால் அதில் அம்மாவைச் சுற்றியும் அவருக்கு யார் உதவ வேண்டும் என்று பிள்ளைகள் வரைந்திருப்பார்கள்.

இந்த இடத்தில் பெரியவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: உரிமையை மட்டும் சொன்னால் போதுமா, கடமையைச் சொல்ல வேண்டாமா? அவர்கள் எதிர்பார்ப்பது இதுதான், ஒரு பக்கம் கல்வி உரிமை, எதிர்ப்பக்கம் ஒழுங்காகப் படிக்கும் கடமை. ஒரு பக்கம் விளையாட்டு, எதிர்ப்பக்கம் வீட்டுப்பாடம். இப்படி ஜோடி சேர்த்துப் போஸ்டர் செய்வது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தவறு. வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைக்கும் விளையாடும் உரிமை உண்டு, சேட்டை செய்யும் பிள்ளைக்கும் அடி வாங்காமல் இருக்கும் உரிமை உண்டு. செய்து சம்பாதிக்க வேண்டியது என்றால் அது கூலி. உங்களுக்குக் கடமையைப் பேசித்தான் ஆக வேண்டும் என்றால் வேறு மாதிரி பேசுங்கள்: எனக்கு இருக்கிற அதே உரிமை பக்கத்தில் இருப்பவனுக்கும் இருக்கிறது, நான் கத்தினால் அவன் பேச முடியாது. இதைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள், ஏனென்றால் தினமும் அனுபவிப்பதுதானே.

பழைய கதையைப் புரட்டிப் போடுவது

இது சின்னப் பிள்ளைகளுக்கு. முயலும் ஆமையும் ஓடிய கதை எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லி முடித்ததும் சில கேள்விகள்: ஓட்டப் பந்தயம் என்று யார் முடிவு செய்தது? வழி நடுவில் ஒரு குளம் இருந்திருந்தால்? சரி, இரண்டு பேருக்குமே ஜெயிக்க வாய்ப்பு இருக்கிற மாதிரி நீங்கள் ஒரு பாதை வரையுங்கள். குளம், மேடு, புதர், சுரங்கம் என்று தாள் நிரம்பிவிடும். எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்துவது மட்டும் சமம் ஆகாது என்பதை ஆறு வயதில் வேறு எப்படிச் சொல்வது? சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்குச் சாய்தளம் ஏன் வேண்டும் என்று அங்கிருந்து போகலாம், வற்புறுத்தாமல்.

காகிதப் பையிலோ பழைய காலுறையிலோ செய்த கைப்பொம்மையும் இந்த வயதுக்கு உதவும். கூச்சப்படும் பிள்ளை தன் குரலில் சொல்லாததைப் பொம்மையின் குரலில் சொல்லும். நீங்களும் பிள்ளையைப் பார்க்காமல் பொம்மையைப் பார்த்தே பதில் சொல்லுங்கள்.

நாடகத்தை நடுவில் நிறுத்துவது

பத்து வயதுக்கு மேல் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பிரேசிலைச் சேர்ந்த அகஸ்டோ போவால் என்ற நாடகக்காரர் உருவாக்கிய முறை, ஃபோரம் தியேட்டர் என்று பெயர். அவர் பெரியவர்களுக்காகத்தான் ஆரம்பித்தார், ஆனால் பிள்ளைகளோடு செய்யும்போது இன்னும் உயிரோட்டமாக இருக்கும்.

அநியாயத்தில் முடிகிற மூன்று நிமிடக் காட்சி ஒன்று வேண்டும், அதைப் பிள்ளைகளே உருவாக்கட்டும். உதாரணமாக, புதிதாக வந்த ஒரு பிள்ளை பேசும் விதத்தைப் பார்த்து நான்கு பேர் கேலி செய்கிறார்கள், ஒருவர் பார்த்துக்கொண்டே நிற்கிறார், டீச்சர் வந்து "எல்லாரும் உட்காருங்க, சத்தம் போடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஒரு முறை முழுக்க நடித்துக் காட்டுகிறார்கள். இரண்டாவது முறை நடக்கும்போது பார்த்துக்கொண்டிருப்பவர்களில் யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று சொல்லி மேடைக்கு வந்து, ஒரு பாத்திரத்தின் இடத்தை எடுத்துக்கொண்டு வேறு மாதிரி நடந்து பார்க்கலாம். பார்த்துக்கொண்டு நின்றவர் வாயைத் திறந்தால் என்ன ஆகும்? புதுப் பிள்ளை எழுந்து பதில் சொன்னால்? சில முயற்சிகள் நிலைமையை இன்னும் மோசமாக்கும், அதுவும் நல்லதுதான், நிஜத்திலும் அப்படித்தானே.

ஒரு விதி மட்டும் உண்டு: மந்திரம் போட்டது போலத் தீர்வு கூடாது. கேலி செய்பவரின் இடத்துக்கு வந்து "மன்னிச்சிடு, இனிமே பண்ண மாட்டேன்" என்றால் நாடகம் முடிந்துவிடும், ஆனால் யாரும் எதையும் கற்றிருக்க மாட்டார்கள். அதனால் கொடுமை செய்பவரின் பாத்திரத்தை மாற்றாமல், பாதிக்கப்பட்டவரும் சுற்றி இருப்பவர்களும் என்ன செய்யலாம் என்றுதான் தேட வேண்டும்.

நடத்துபவர் கவனிக்க வேண்டியவை சில. நிஜமாகவே கேலிக்கு ஆளாகும் பிள்ளைக்குப் பாதிக்கப்பட்டவர் வேடம் போய்ச் சேரக் கூடாது, பிள்ளைகள் பங்கு பிரிக்கும்போது இது தானாகவே நடந்துவிடும், அப்போது நீங்கள் நைசாகக் குறுக்கிட வேண்டும். முடிந்ததும் வேடத்தைக் கழற்ற வேண்டும்: கை கால்களை உதறி, தன் சொந்தப் பெயரைச் சொல்லி, "நான் அவன் இல்லை" என்று ஒரு முறை சொல்லிவிட்டு உட்காருவது. கொடுமைக்காரர் வேடம் போட்ட பிள்ளையை அன்றைக்கு முழுக்க அந்தப் பெயரிலேயே மற்றவர்கள் கூப்பிடுவதை இது தடுக்கும். பெரியவர் வேடங்களையும் அவர்களே போடட்டும். நீங்கள் பேசுவது அவர்கள் காதில் எப்படி விழுகிறது என்று அப்போது தெரியும். கொஞ்சம் வலிக்கும்.

பிள்ளைகள் நடத்தும் பத்திரிகை

யானுஷ் கோர்ச்சாக் என்ற பெயரை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். போலந்து நாட்டு யூத மருத்துவர், எழுத்தாளர். வார்சாவில் 1912 முதல் ஓர் அனாதை இல்லத்தை நடத்தினார். அங்கே பிள்ளைகளே நீதிபதிகளாக உட்காரும் ஒரு நீதிமன்றம் இருந்தது, அதன் விதிகளில் பெரும்பாலானவை மன்னிப்பதைப் பற்றியவை, பெரியவர்கள் மேலும் வழக்குப் போடலாம், கோர்ச்சாக்கே அதன் முன் நின்றிருக்கிறார். 1926-ல் ஒரு நாளிதழின் இணைப்பாக, பிள்ளைகளே எழுதும் பத்திரிகை ஒன்றையும் தொடங்கினார். 1942-ல் நாஜிகள் அந்த இல்லத்துப் பிள்ளைகளைத் திரெப்லிங்கா கொலை முகாமுக்குக் கொண்டுபோனபோது, தப்பிக்கும் வாய்ப்புகளை மறுத்து அவர்களோடு போய்ச் செத்தார். பிற்பாடு 1978-ல் குழந்தைகளுக்கான உடன்படிக்கை வேண்டும் என்று ஐ.நா.வில் முதல் வரைவை வைத்த நாடு போலந்து.

அவ்வளவு பெரிதாக வேண்டாம், சுவரில் ஒட்டுகிற கையெழுத்துப் பத்திரிகை போதும். செய்தி, கார்ட்டூன், பேட்டி, புகார்ப் பெட்டி. ஆசிரியர் குழுவைப் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கட்டும். எழுத்துப் பிழையைத் திருத்தலாமா என்று அவர்களைக் கேட்டுவிட்டுத் திருத்துங்கள், கருத்தைத் திருத்தாதீர்கள். "கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை" என்ற செய்தி முதல் இதழிலேயே வரக்கூடும். அந்தரங்கத்துக்கான உரிமை, 16-வது பிரிவு, அந்தத் தாழ்ப்பாளில்தான் இருக்கிறது, அதைப் பற்றி நீங்கள் பாடம் எடுத்தால் கூட இவ்வளவு தெளிவாக வராது.

போட்டோவும் இதில் சேரும். ஒரு கேமராவோ பழைய போனோ கொடுத்து, எங்கே பாதுகாப்பாக இருக்கிறது, எங்கே பயமாக இருக்கிறது, எங்கே விளையாட இடம் இருக்கிறது என்று எடுத்து வரச் சொல்லலாம். ஆட்களை எடுப்பதற்கு முன் கேட்டாக வேண்டும், மாட்டேன் என்றால் எடுக்கக் கூடாது. இதே விதி உங்களுக்கும் உண்டு. நிகழ்ச்சி முடிந்ததும் பிள்ளைகளின் படங்களையும் முகங்களையும் இணையத்தில் ஏற்றும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினால் போதும் என்று நினைக்கிறோம், வரைந்தவளிடம் யாரும் கேட்பதில்லை. உரிமைகள் இணைய உலகத்திலும் அப்படியே பொருந்தும் என்று ஐ.நா. குழந்தை உரிமைகள் குழு 2021-ல் தனியாக ஒரு விளக்கமே வெளியிட்டிருக்கிறது. பெயர் போடலாமா, படத்தை மட்டும் போடலாமா, எதுவுமே வேண்டாமா என்று கேளுங்கள், நேற்று சரி என்று சொன்ன பிள்ளை இன்று வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள்.

ஏதாவது கனமாக வெளியே வந்தால்

வரையும்போதோ நடிக்கும்போதோ ஒரு பிள்ளை தனக்கு நடக்கும் கொடுமையை வெளியே சொல்லிவிடலாம். அடிக்கடி நடக்காது, ஆனால் நடந்தால் தடுமாறக் கூடாது, அதனால் முன்பே தயாராக இருங்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள், காப்பாற்ற முடியாது. துருவித் துருவிக் கேட்காதீர்கள், விசாரிப்பது அதற்கென்று பயிற்சி பெற்றவர்களின் வேலை. தனியாக, பதற்றமில்லாமல் கேட்டுக்கொண்டு, "சொன்னது நல்லது, உன் மேல தப்பில்லை, உதவி செய்யக் கூடியவங்ககிட்ட மட்டும் சொல்லப் போறேன்" என்று சொல்லுங்கள். அந்தப் பிள்ளை சொன்ன வார்த்தைகளிலேயே குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் நாட்டில் குழந்தைகளுக்கான உதவி எண் என்ன, உங்கள் நிறுவனத்தில் யாரிடம் சொல்ல வேண்டும், சட்டப்படி நீங்கள் புகார் செய்தே ஆக வேண்டுமா என்பதெல்லாம் கலர் பென்சில் வாங்குவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கறுப்பாக ஒரு படம் வரைந்தாள் என்பதற்காக மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள். கறுப்பு கிரேயான் பக்கத்தில் இருந்திருக்கலாம். என்ன வரைந்திருக்கிறாய் என்று கேட்டாலே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

கேட்ட பிறகு என்ன

ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992-ல் யுனிசெஃப்புக்காக எழுதிய கட்டுரையில் குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் உள்ள ஏணியாக வரைந்தார். கீழே உள்ள மூன்று படிகளைப் பங்கேற்பே இல்லை என்று ஒதுக்கிவிட்டார்: பிள்ளைகளைக் கைப்பாவையாக ஆட்டுவது, அலங்காரமாக நிறுத்துவது, பெயருக்குக் கூப்பிடுவது. வாசகம் எழுதிய பனியனைப் போட்டுவிட்டு மேடையில் நிற்கவைப்பது இரண்டாவது படி. இதைப் படித்ததும் நம் நிகழ்ச்சிகள் பல வரிசையாக ஞாபகம் வருமே.

லாரா லண்டி என்ற கல்வியாளர் 2007-ல் சொன்னது இன்னும் கைக்கு அடக்கமானது. குழந்தையின் கருத்தைக் கேட்டு மதிப்புக் கொடுக்கச் சொல்லும் 12-வது பிரிவை நிஜமாக நிறைவேற்ற நான்கு வேண்டும் என்றார்: பேசப் பாதுகாப்பான இடம், பேச உதவி, கேட்க வேண்டியவர் அங்கே இருப்பது, சொன்னதால் ஏதாவது மாறும் சாத்தியம். படமும் நாடகமும் முதல் இரண்டைத் தாராளமாகத் தரும். மூன்றாவதும் நான்காவதும் பெரியவர்களான நம் கையில் இருக்கின்றன, அங்கேதான் எல்லாம் நின்றுபோகிறது. தாழ்ப்பாள் இல்லை என்று எழுதிய பத்திரிகையை எல்லோரும் பாராட்டிவிட்டு, தாழ்ப்பாள் போடாமலே விட்டால் பிள்ளைகள் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான், சொல்லி ஒரு பயனும் இல்லை என்று.

ஆகவே ஆரம்பிப்பவர்களுக்கு என் யோசனை, சிறிதாக எடுங்கள். உங்கள் அதிகாரத்துக்குள் இருக்கிற ஒரே ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுங்கள்: அறையில் எப்படி உட்காருவது, இடைவேளையை எப்போது விடுவது, புத்தக அலமாரியில் எதை எந்த உயரத்தில் வைப்பது. அதைப் பற்றி வரையச் சொல்லுங்கள், அல்லது காலி அட்டைப் பெட்டியில் அந்த அறையின் மாதிரியைச் செய்யச் சொல்லுங்கள். முடிவெடுக்கக் கூடிய ஆள் வேறு ஒருவர் என்றால் அவரைக் கடைசிப் பதினைந்து நிமிடமாவது வரச் சொல்லுங்கள், பேச அல்ல, கேட்க. பரிசு வேண்டாம், வரிசைப்படுத்த வேண்டாம், எல்லாப் படத்தையும் மாட்டுங்கள், மாட்ட வேண்டாம் என்பவரின் படத்தை அவரிடமே கொடுத்துவிடுங்கள். அப்புறம் அடுத்த சந்திப்பில் முதல் வேலையாகப் பதில் சொல்லுங்கள்: நீங்கள் கேட்டதில் இது ஆயிற்று, இது அடுத்த மாதம் ஆகும், இது முடியாது, காரணம் இது. காரணம் சரியில்லை என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள், அதற்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்கி வையுங்கள்.